எலக்ட்ரானிக் ஆல்பத்தில் ஆள் தெரிய வேண்டுமா? சகாமோட்டோ முதல் காரிபூ வரை

பதிவு 1, திருச்சி (இழையைத் தொடங்கியவர்)

போன மாதம் முழுக்க ஒரு வேலை செய்தேன். 2022 முதல் 2024 வரை வந்த எலக்ட்ரானிக், ஆல்டர்நேட்டிவ் ஆல்பங்களில், வந்த வாரத்தில் நான் தலையில் தூக்கி வைத்து ஆடியவற்றை எல்லாம் மறுபடி எடுத்து, முதல் டிராக்கிலிருந்து கடைசி வரை தாவாமல் கேட்டேன். பாதிக்கு மேல் இப்போது ஒட்டவில்லை. மோசம் என்று சொல்லவில்லை, ஒலி எல்லாவற்றிலும் பிரமாதம்தான், ஆனால் முடிந்து பத்து நிமிடம் கழித்து என்ன கேட்டேன் என்று யோசித்தால் மனதில் ஒன்றும் தங்கவில்லை.

ஒட்டியது எது என்று பார்த்தால் முதலில் ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூச்சி சகாமோட்டோவின் '12'. 2023 ஜனவரி 17, அவருடைய 71-வது பிறந்தநாளன்று வெளியானது. மார்ச் 28-இல் அவர் இறந்துவிட்டார். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவே நாட்குறிப்பு எழுதுவது மாதிரி பதிவு செய்து வைத்த துண்டுகள் அவை, பதிவு செய்த தேதிதான் ஒவ்வொன்றுக்கும் பெயர். ஒரு பியானோ, கொஞ்சம் சிந்த் (சிந்தசைசர்), அவ்வளவுதான். மைக் மிகப் பக்கத்தில் இருக்கிறது போல, சில டிராக்குகளில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் மூச்சு இழுப்பது கேட்கிறது. வேறு யாராவது இருந்தால் அதைத் துடைத்து எடுத்திருப்பார்கள். அப்பாவின் கடைசி மாதங்களில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவன் நான். மூச்சு ஒரு கணக்கில் வந்துகொண்டிருக்கும், ஒன்று தாமதித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இந்த ஆல்பத்தில் ஒரு ஸ்வரம் அடங்கி அடுத்தது வருவதற்குள் எனக்கு அதே பதைப்பு வருகிறது. ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், ஓடினால் அந்த மூச்சு காதில் விழாது.

இரண்டாவது பெத் கிப்பன்ஸின் 'லைவ்ஸ் அவுட்க்ரோன்', 2024 மே. போர்டிஸ்ஹெட் குழுவின் பாடகி, 59 வயதில் தனியாகப் போட்ட ஆல்பம், பத்தே பாட்டு, செய்து முடிக்கப் பத்தாண்டு. தாய்மை, மாதவிடாய் நிற்பது, தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாவது, இதெல்லாம்தான் பாட்டு. டாக் டாக் குழுவின் டிரம்மர் லீ ஹாரிஸ் இதற்காக வழக்கமான டிரம் செட்டை விட்டுவிட்டு, திரைச்சீலைகள் அடைத்த ஒரு பெட்டியைக் கிக் டிரம்மாக (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) வைத்துக்கொண்டார், சமையல் தட்டை எல்லாம் தட்டியிருக்கிறார். அந்தக் கிக் 'டம்' என்று வருவதில்லை, பக்கத்து அறையில் யாரோ தலையணையைப் போட்ட மாதிரி 'தொப்' என்று வருகிறது. அவருடைய குரலுக்குக் கீழே அதைவிடப் பொருத்தமாக வேறு எதுவும் இருந்திருக்க முடியாது.

ஒட்டாதது? காரிபூவின் 'ஹனி', 2024 அக்டோபர். காரிபூ என்ற பெயரில் இசை செய்யும் டான் ஸ்னெய்த் எனக்குப் பிடித்த ஆள், 'சடன்லி' ஆல்பத்தை 2020 ஊரடங்கில் தேயத் தேயக் கேட்டேன். 'ஹனி'யில் தன் குரலையே செயற்கை நுண்ணறிவால் மாற்றி, பெண் குரலாகவும் இன்னும் யார் யார் குரலாகவோ ஆக்கிப் பாடியிருக்கிறார். மெட்டு நன்றாக இருக்கிறது. பாடுவது யார் என்று தேடினால் அங்கே ஆள் இல்லை. எலக்ட்ரானிக் இசை என்றாலும் அதற்குள் ஓர் உடம்பு இருக்க வேண்டும், அது கேட்க வேண்டும், இதுதான் என் கட்சி. உங்களுக்கு எது நின்றது, எது நிற்கவில்லை, எழுதுங்கள்.

பதில் 2, ரொறன்ரோ

இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். சகாமோட்டோவும் பெத் கிப்பன்ஸும் அருமை, அதில் சண்டை இல்லை. ஆனால் அவர்களை வைத்து எல்லா எலக்ட்ரானிக் இசைக்கும் அளவுகோல் செய்தால் பாதி வீடு இடிந்துவிடும். ஆடுவதற்குச் செய்த இசையில் உடம்பு இருக்க வேண்டிய இடம் ஸ்பீக்கருக்கு முன்னால். ஆடுகிறவளின் உடம்பு, என் உடம்பு. செய்தவர் ஒதுங்கி இடம் விட்டால்தான் நான் உள்ளே நுழைய முடியும்.

ஃபோர் டெட்டின் 'த்ரீ' கேட்டிருப்பீர்கள், 2024 மார்ச். கடைசி டிராக் 'த்ரீ டிரம்ஸ்' எட்டு நிமிடத்துக்கு மேல். டிரம் தன் பாட்டுக்கு ஒரே நடையில் போகிறது, மேலே சிந்த் மெல்ல மெல்ல ஏறி ஒரு கட்டத்தில் டிரம்மையே மூடுகிறது. ஃபோர் டெட் என்ற பெயரில் இசை செய்யும் கீரன் ஹெப்டன் அதில் எங்கே இருக்கிறார் என்று நான் ஒருநாளும் தேடியதில்லை. பனிக்காலத்தில் காலை ஆறரைக்கு பஸ்ஸுக்கு நிற்கும்போது அதைப் போடுவேன், கண்ணாடிக்கூண்டில் என்னோடு நிற்கிற நாலு பேரும் எனக்கு வேண்டியவர்களாகி விடுவார்கள்.

காரிபூ விஷயத்திலும் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினர் 1974-இலேயே, குரலை இயந்திரக் குரலாக்கும் வோகோடர் கருவியை வைத்துப் பாடினார்கள். 1998-இல் பாடகி ஷெர், சுருதி திருத்தும் மென்பொருளான ஆட்டோட்யூனைத் தெரிகிற மாதிரியே போட்டபோது இதே பேச்சுத்தான் பேசினார்கள், இன்றைக்கு அது கல்யாண வீட்டுப் பாட்டு. தன் குரலை இன்னொரு கருவியாக மாற்றுவது இந்த இசையின் பிறவிக் குணம் தம்பி.

பதில் 3, சென்னை

லண்டன் எலக்ட்ரானிக் கலைஞர் பெரியல் பெயர் ஏன் இன்னும் வரவில்லை? இரண்டு பேர் கட்சிக்கும் அவர்தான் சாட்சி. முகமே காட்டாத மனிதர், 2008-இல்தான் தன் பெயரையே வெளியே சொன்னார். அப்படிப்பட்டவருடைய 'ஆன்டிடான்' (2022 ஜனவரி, ஐந்து டிராக், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு) முழுக்கத் தொண்டையைச் செருமும் சத்தம், லைட்டர் கிளிக், மழை, ரெக்கார்டு கீறல். பீட் கிட்டத்தட்ட எங்குமே இல்லை. ஆள் யாரென்றே தெரியாது, உடம்பு மட்டும் இருக்கிறது. இரவு பன்னிரண்டரைக்கு வேலை முடிந்து கடைசி ஷேர் ஆட்டோ போன பிறகு நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா, அந்த ஆல்பம் அதுதான்.

பதில் 4, திருச்சி

ரொறன்ரோ அக்கா, வோகோடர் வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. வோகோடர் ஒரு முகமூடி. போட்டிருப்பது முகமூடி என்று எனக்கும் தெரியும், போட்டவருக்கும் தெரியும், அதைத் தெரியவைப்பதில்தான் அழகே. ஷெர் குரல் உடைந்து படிக்கட்டு மாதிரி ஏறும்போது அது ஷெர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 'ஹனி'யில் குரல் மாறியிருக்கிறது என்றே தெரியாத அளவுக்குச் சுத்தமாக மாறியிருக்கிறது. முதல் தடவை கேட்டபோது யாரோ ஒரு பெண்ணை அழைத்துப் பாட வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன், யார் அவர் என்று பெயர் தேடினேன். அப்படி ஒருவர் இல்லை என்று தெரிந்ததும் ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது. இன்னொன்று, இடையில் ராப் மாதிரி ஒன்று வருகிறது, அதற்கும் குரலை மாற்றியிருக்கிறார். ராப் எந்தச் சமூகத்தில் இருந்து வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் குரலை ஒருவர் மென்பொருளில் எடுத்து மாட்டிக்கொள்வது எனக்கு மட்டுமல்ல, நிறையப் பேருக்கு உறுத்தியது.

அவர் இதை மறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிப்படையாகத்தான் பேசினார். அந்த நேர்மைக்கு மரியாதை உண்டு, ஆல்பம்தான் மனதுக்குள் போகவில்லை.

பெரியல் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. 'அன்ட்ரூ' (2007) நாட்களில், ஒலிகளைத் தாளக் கணக்கில் அடுக்கித் தரும் சீக்வென்ஸர் இல்லாமல் சாதாரண ஆடியோ எடிட்டரில் அலையைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். அதனால்தான் அந்த டிரம் கிரிட்டில், அதாவது கணினியின் தாளக் கட்டங்களில், உட்காராமல் ஒரு நொடியில் நூற்றில் சில பங்கு முன்னும் பின்னுமாக நொண்டுகிறது. அந்த நொண்டல் கையில் இருந்து வந்தது.

பதில் 5, யாழ்ப்பாணம்

நான் இந்த இழையில் சின்ன ஆள், இலத்திரனியல் இசை கேட்கத் தொடங்கி நாலு வருசம்தான். ஆனால் பிரித்தானிய இலத்திரனியல் இசைக்கலைஞர் சோஃபியைப் பற்றிக் கதைக்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் வராது என்று நினைக்கிறேன்.

2021 ஜனவரி 30, ஏதென்ஸில், முழுநிலவைப் பார்க்க உயரமான ஓர் இடத்தில் ஏறினபோது சறுக்கி விழுந்து 34 வயதில் செத்துப்போனா. 2024 செப்டம்பரில் அவவின் பெயரிலேயே ஓர் அல்பம் வந்தது, 16 பாட்டு. அவ பாதி வழியில் விட்டதை, அவவோடு கூட வேலை செய்த சகோதரர் பென்னி லாங் முடித்தார். நிறைய விமர்சனங்கள் நல்லா வரவில்லை. 2018-இல் வந்த அவவின் முந்தின அல்பத்தோடு ஒப்பிட்டால் இது தட்டை என்று எழுதினார்கள். எனக்கும் முதல் கேட்டபோது அப்படித்தான் இருந்தது. சோஃபியின் சத்தம் என்றால் றப்பரை இழுத்து விடுகிற மாதிரி, தகரத்தை வளைக்கிற மாதிரி, சவர்க்காரக் குமிழி வெடிக்கிற மாதிரி இருக்கும், இதெல்லாம் எங்கும் பதிந்து எடுத்த சத்தம் இல்லை, வெறும் அலைவடிவத்தில் இருந்து அவவே கட்டினது. புது அல்பத்தில் அந்தக் கூர் பல இடத்தில் மழுங்கியிருக்கிறது.

எண்டாலும் நான் அதை விடவில்லை. என் பெரியம்மா தைத்து முடிக்காமல் விட்ட ஒரு சட்டையை அம்மா முடித்து வைத்திருக்கிறா. கழுத்து வரைக்கும் ஒரு கை, கைப்பகுதி வேறு கை, தையலைப் பார்த்தாலே விளங்கும். அந்த அல்பத்தில் எந்த இடம் சோஃபி, எந்த இடம் சகோதரர் என்று தேடித் தேடிக் கேட்கிறேன். திருச்சி அண்ணா சொன்ன மூச்சு அங்கே இரண்டு பேருடையது. அதைக் குறை என்று சொல்லுவீங்களா?

பதில் 6, மதுரை

நான் கிட்டார் கட்சி, மன்னிக்கவும். இரண்டு ஆல்பம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இங்கிலாந்து ராக் குழு தி கியூர், 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்', 2024 நவம்பர் 1. போன ஆல்பம் 2008. பதினாறு வருடம்! நான் கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, பெண் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டாள். பாடகர் ராபர்ட் ஸ்மித் இந்த ஆல்பத்தில் அவசரமே படவில்லை. முதல் பாட்டு 'அலோன்', மூன்று நிமிடத்துக்கு மேல் இசை மட்டும், அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கிறார். கடைசிப் பாட்டு 'எண்ட்சாங்' பத்து நிமிடம், அதில் ஆறு நிமிடம் தாண்டித்தான் குரல் வருகிறது. நடுவில் தன் அண்ணன் ரிச்சர்டின் சாவைப் பற்றி ஒரு பாட்டு. 65 வயதில் அந்தக் குரல் கொஞ்சம்கூடத் தளரவில்லை, 1989-இல் இருந்த அதே குரல். அதுதான் என்னை உலுக்கியது, ஆள் கிழவனாகிவிட்டான், குரலுக்கு அது தெரியவில்லை.

இன்னொன்று தி ஸ்மைல் குழுவின் 'வால் ஆஃப் ஐஸ்', 2024 ஜனவரி. ரேடியோஹெட்டின் தாம் யார்க், ஜானி கிரீன்வுட், கூடவே ஜாஸ் டிரம்மர் டாம் ஸ்கின்னர். 'பெண்டிங் ஹெக்டிக்' என்ற பாட்டில் ஒருவன் மலைப்பாதையில் காரோட்டி வளைவில் ஸ்டியரிங்கை விட்டுவிடுகிறான். கிரீன்வுட் கிட்டார் தந்தியை இழுத்து இழுத்து ஸ்வரத்தை வளைக்கிறார், பிறகு வயலின்கள் எல்லாம் கீழிருந்து மேலே ஒரே ஏறாக ஏறி, உச்சியில் கிட்டார் வெடிக்கிறது. கொடைக்கானல் மலையில் ஒருமுறை வேன் பிரேக் பிடிக்காமல் நாலு வளைவு இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு. அந்த வயலின் ஏறும்போது இன்றும் வலது கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது.

பதில் 7, சென்னை

ஃபேன் நிறுத்திக் கேட்க வேண்டிய பட்டியலில் இன்னொன்றும் சேருங்கள், 'பிராமிசஸ்', 2021. ஃப்ளோட்டிங் பாய்ண்ட்ஸ், அதாவது சாம் ஷெப்பர்டு, சாக்ஸஃபோன் மேதை ஃபரோவா சாண்டர்ஸ், லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா. ஒன்பது பகுதிகள், 46 நிமிடம். ஏழு ஸ்வரம் கொண்ட ஒரு சின்னத் துணுக்கு, கடிகாரம் அடிப்பதுபோலத் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் மேல் எண்பது வயது மனிதர் ஊதுகிறார். இளமையில் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனோடு சேர்ந்து தகரத்தைக் கிழிப்பதுபோல ஊதியவர், இங்கே ஊதுவாயில் உள்ள நாணலின் ஓரத்தில் காற்று படும் சத்தம் தெரியும் அளவுக்கு மெதுவாக ஊதுகிறார். நாலாவது பகுதியில் சாக்ஸஃபோனை இறக்கிவிட்டு வாயாலேயே ஏதோ முணுமுணுக்கிறார், வார்த்தை இல்லை, பேரக்குழந்தையைத் தூங்க வைக்கிற தாத்தாவின் குரல்.

ரொறன்ரோ அக்கா கேட்டாரே செய்தவர் ஒதுங்கி இடம் விட வேண்டும் என்று, இங்கே ஷெப்பர்டு அதைத்தான் செய்திருக்கிறார். கம்ப்யூட்டர்காரர் தன் சாமர்த்தியத்தை எல்லாம் அந்த ஏழு ஸ்வரத்துக்குள் மடித்து வைத்துவிட்டு, பெரியவருக்கு வழி விட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் சாண்டர்ஸ் இறந்துபோனார். ஷெப்பர்டு 2024-இல் 'கேஸ்கேட்' என்று முழு நடன ஆல்பம் போட்டார், கச்சிதமான வேலை, இரண்டு முறை கேட்டேன், மூன்றாவது முறைக்குக் கை போகவில்லை.

பதில் 8, ரொறன்ரோ

சாண்டர்ஸ் விஷயத்தில் வாயடைத்துவிட்டேன், அது சரிதான். யாழ்ப்பாணத்துத் தம்பியின் சட்டை உதாரணத்தை நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அது குறையே இல்லை தம்பி. சோஃபி அல்பம் பற்றி வந்த விமர்சனங்கள் எல்லாவற்றையும்விட நீங்கள் எழுதின நாலு வரி எனக்குப் பெரிது.

ஆனால் என் கட்சியை விடவில்லை, கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். ஜேமி எக்ஸ்எக்ஸின் 'இன் வேவ்ஸ்', 2024 செப்டம்பர். முந்தைய ஆல்பம் 'இன் கலர்' வந்து ஒன்பது வருடம் கழித்து. அதில் ராபின், ஹனி டிஜான், பாண்டா பேர் என்று ஊர்ப்பட்ட ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள், ஜேமியின் குழுவான தி எக்ஸ்எக்ஸின் மற்ற இரண்டு பேரும் ஒரு பாட்டில் வந்து சேர்கிறார்கள். ஜேமியின் குரல் எங்கும் இல்லை. ஆனால் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்போது வீடு திரும்புகிற ஓர் இரவு அந்த வரிசையில் இருக்கிறது. இடையில் பீட் நின்று ஒரு குரல் மூச்சை இழுக்கச் சொல்கிறது, பிறகு பீட் திரும்ப விழுகிறது. கலியாண மண்டபம் ஒன்றில், சொந்தக்காரர் எல்லாம் சாப்பாட்டுக்குப் போன பிறகு, சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்த பெடியன் இதைப் போட்டான். மச்சாள்மார் ஏழெட்டுப் பேர் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஆடினோம். அந்த இடத்தில் மூச்சை இழுத்தது நாங்கள் எட்டுப் பேரும்தான். ஆல்பத்துக்குள் ஆள் இருக்க வேண்டும் என்கிறீர்கள் திருச்சித் தம்பி, அன்றைக்கு அதற்குள் நான் இருந்தேன்.

அப்புறம் ஒன்று, உடம்பும் மின்னணுவும் சேர வேண்டும் என்றால் நம் கையிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. ஈழத்தமிழ் வேர் கொண்ட பாடகி எம்.ஐ.ஏ.வின் 'கலா', 2007, அம்மாவின் பெயரில் வைத்த ஆல்பம். அமெரிக்க விசா இழுத்தடித்ததால் ஊர் ஊராகப் போய்ச் செய்தார், சென்னையில் உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிந்தார். உறுமியின் இடப்பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வருகிற அந்த முனகல் இருக்கிறதே, எந்த சிந்த் பேஸும் அதற்குப் பக்கத்தில் வராது. 2022-இல் வந்த 'மாதா'வில் எனக்குக் குறைந்தது அதுதான். சத்தம் அதிகம், தேய்ப்பு இல்லை.

பதில் 9, திருச்சி

அக்கா, சரி. மண்டபத்துக் கதையைப் படித்த பிறகு 'இன் வேவ்ஸ்' பற்றி நான் எழுதி வைத்திருந்த பத்தியை அழித்துவிட்டேன். அதை ஹெட்போனில், தனியாக, கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன், அது ஆல்பத்தின் தப்பில்லை. அதற்கு நாலு பேர் வேண்டும். காரிபூ பற்றி மட்டும் மனம் மாறவில்லை, ஏனென்றால் அங்கே எனக்கு இடம் விடவும் இல்லை, அவரும் நிற்கவில்லை, இன்னொருவர் நிற்கிற மாதிரி காட்டியிருக்கிறார்.

மதுரை நண்பரே, மன்னிப்பெல்லாம் எதற்கு. 'எண்ட்சாங்' நேற்று கேட்டேன், அந்த ஆறு நிமிடக் காத்திருப்பில் ஒருமுறைகூட போனைத் தொடவில்லை.

யாழ்ப்பாணத்துத் தம்பி, சகாமோட்டோ கேட்டீர்களா?

பதில் 10, யாழ்ப்பாணம்

அண்ணா, மூன்று தரம் கேட்டேன், பியானோ நல்லா இருந்தது, மூச்சு மட்டும் கேட்கவில்லை. இயர்போன் மலிவானது, அதுதான் பிழை என்று நினைத்தேன். இந்த வெக்கைக்குள் ஃபேனை நிற்பாட்டவும் மனம் வரவில்லை, தங்கச்சியும் அதே அறையில்தான் படுக்கிறவ.

முந்தநாள் இரவு நாலாம் தரம் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன், கரண்ட் போய்விட்டது. ஃபேன் மெல்ல மெல்லச் சுத்தி நின்றது. முற்றத்தில் நாயும் குரைக்கவில்லை. அப்போதுதான் பியானோவுக்குப் பின்னால் ஒருத்தர் இருக்கிறது தெரிந்தது. மூக்கால் இழுக்கிறார், கொஞ்சம் பொறுத்து விடுகிறார், அதுக்குப் பிறகுதான் விரல் விழுகிறது. எந்தத் தேதிப் பாட்டு என்று பார்க்கவில்லை, போன் வெளிச்சம் போடப் பயமாக இருந்தது. தங்கச்சி எழும்பி என்ன கேட்கிறாய் என்று கேட்டா, ஒரு பக்கத்தை அவவிடம் கொடுத்தேன். கரண்ட் வரும்வரைக்கும் இரண்டு பேரும் கதைக்கவில்லை.